உப்பு வடிந்த தொட்டி

காலியான தொட்டி தட்டக் கூடாது.

உருகிய உப்பை அதிலிருந்து இறக்கி இருபத்தொரு நாளாகிவிட்டது. ஐந்நூற்று அறுபது டிகிரியைத் தாங்கிக் கிடந்த சுவர் இப்போது வெயிலில் நின்ற பஸ்ஸைத் தொட்டால் சுடுமே, அவ்வளவுதான் சுட்டது. இரும்பு ஆறும்போது முனகும், சோம்பல் முறிக்கும், சில நேரம் யாரோ கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போன மாதிரி ஓர் அறை விடும். பத்து வருடமாக இந்த வேலையில் இருப்பவளுக்கு அதெல்லாம் பழகிய சத்தம். ஆனால் அதற்கு ஒழுங்கு இருக்காது. இப்போது ஒன்று வரும், டீ குடித்து முடிப்பதற்குள் நாலு வரும், பிறகு பொழுது சாயும்வரை ஒன்றுமே வராது. முதல் பத்து நாளில் எல்லாம் அடங்கியும் விடும். இதுவோ மூன்று மூன்றாகத் தட்டியது. டக், டக், டக். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். மறுபடி டக், டக், டக்.

தொட்டியின் அடியில், குழாய்களின் நடுவே, அவள் ஒரு முழ நீளக் கம்பியோடு நின்றிருந்தாள். கம்பியின் ஒரு முனை சுவரிலிருந்து துருத்திய வெற்றுக் குழாயில். மறுமுனை காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில். பம்புக்குள் பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எல்லாரும் செய்வதுதான். பம்புகள் ஓடும் நாளில் இங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. இன்று எல்லாம் நின்றிருந்தது. வெளியே காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது, கண்ணாடிகளையெல்லாம் வானம் பார்க்கப் படுக்கவைத்துவிட்டார்கள், மாலை நாலு மணி வெளிச்சம் துவைக்காத துணியின் நிறத்தில் இருந்தது.

அந்த மின்நிலையத்தின் கதை சிக்கலானதல்ல. பத்தாயிரம் கண்ணாடிகள் வெயிலைப் பொறுக்கி ஒரு கோபுரத்தின் தலையில் கொட்டும். அந்தச் சூட்டில் உப்பு உருகித் தண்ணீர் போல ஓடும். ஓடிவந்து இந்தத் தொட்டியில் உட்காரும். வேண்டும்போது அதை எடுத்து நீராவி கிளப்பி டர்பைனைச் சுற்றலாம். மேகம் மூடினால் கைகொடுக்க ஒரு கேஸ் பர்னர். பாதி சூரியன், பாதி அடுப்பு என்று வேலையாட்கள் கேலி செய்வார்கள். பாதியெல்லாம் கிடையாது, வருடத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கேஸில் ஓட்டினால் ஒப்பந்தம் போச்சு.

இத்தனைக்கும் பணம் புரட்டியவன் அவளுடைய அண்ணன், நிலையத்தின் மேனேஜர். அவன் பேசினால் கல்லும் கையெழுத்துப் போடும். "சூரியன் ஓசி சார், கண்ணாடிக்குத்தான் காசு. தகடு வைக்கிறவன் எல்லாம் மத்தியானம் ஒரே நேரத்துல வித்து அவன் விலையை அவனே கெடுத்துக்கறான். நாங்க சூட்டைத் தொட்டியில போட்டு மூடி வச்சு, எல்லாரும் விளக்கு போடற நேரத்துல எடுத்து விப்போம்," என்று அவன் பேங்க்காரர்களிடம் சொன்னதை அவளே நாலு தடவை கேட்டிருக்கிறாள். அதில் பொய்யும் இல்லை. அந்தத் தொட்டிதான் நிலையத்தின் வயிறு. அது இல்லாவிட்டால் பத்தாயிரம் கண்ணாடியும் தலைவாரத்தான் உதவும்.

டக், டக், டக்.

மூன்று என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. தொட்டி கட்டிய நாட்களில் வந்த வழக்கம் அது. நாலு மாடி உயரம், உள்ளே முழுக்க வழவழப்பான எஃகு. கத்திப் பேசினால் சொல் சுவரெல்லாம் மோதிக் குழைந்துவிடும். அதனால் கூரையில் காவல் நிற்பவர் ஒரு குழாயில் இரண்டு தட்டுவார்: இருக்கியா? உள்ளே இருப்பவர் சுவரில் மூன்று தட்டுவார்: இருக்கேன். கால் மணிக்கு ஒரு தடவை. பதில் வராவிட்டால் ஆளைத் தூக்க ஆட்கள் இறங்குவார்கள்.

யாரும் கேட்காமலே தொட்டி 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பியைக் கீழே போட்டுவிட்டாள். நேற்றே அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன், "இரும்புதான் பாப்பா. ஆறுது," என்றான். நாற்பது வயதாகியும் அவனுக்கு அவள் பாப்பாதான். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இதே வாக்கியத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்று நேற்று முழுக்க அவளை எதுவோ அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. நாலு வருடம் முன்பு, தொட்டியை முதன்முதலாகச் சூடேற்றிய அன்று மாலை, இதே இடத்தில்: "இரும்புதான் பாப்பா. சூடேறுது."

அன்றைக்குத்தான் அவளுடைய வீட்டுக்காரர் அவளை விட்டுப் போனார்.

அவர் இங்கே வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் கட்டைவிரல் அளவில் ஓர் எஃகு முத்திரை உண்டு. சரியாக இருக்கிற வெல்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடித்தால் அவருடைய எண் எஃகில் பதிந்துவிடும். இவருடைய எண் பதினேழு. ஆளையே பதினேழு என்றுதான் கூப்பிட்டார்கள். பிடிவாதக்காரர். மயிரிழை விரிசல் இருந்தால்கூட முத்திரை விழாது. சோறு ஆறிப்போகும், வெல்டர்கள் முணுமுணுப்பார்கள், அவர் பாட்டுக்கு லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். அவளிடம் மட்டும் எதற்கும் விட்டுக்கொடுப்பார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை அவர் போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'என்னைத் தேடாதே. நான் வேற வாழ்க்கை பாத்துக்கறேன்.' அவ்வளவுதான். காண்டிராக்டர் ஆபீஸில் டைப் செய்துகொண்டிருந்த ஒருத்தியும் அதே வாரம் வேலையை விட்டுப் போயிருந்தாள். இது போதாதா ஊர் வாய்க்கு?

வாழாவெட்டி என்ற சொல்லை அவள் முதுகுக்குப் பின்னால் பலமுறை கேட்டாள், முகத்துக்கு நேரே ஒருமுறை. அழுது தீர்த்தாள். பிறகு சபிக்க ஆரம்பித்தாள். நல்லா இருக்கமாட்டே, வெந்துதான் சாவே என்றுகூட ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வீட்டு வாடகை, மளிகை, காய்ச்சல் வந்தால் டாக்டர், எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் வந்து நின்றான். "அவன் கிடக்கான். அண்ணன் நான் இருக்கேன்ல?" என்பான். அவளுக்கும் எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அந்த மனுஷன் ஏன் போனான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மிச்ச வாழ்நாளை எப்படியும் ஓட்டிவிடலாம் என்று இருந்தாள்.

ஜீப் வந்து நின்றது. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"ஆறு மணிக்கு பர்னர் போடணும். அதுக்குள்ள நான் ஒரு தடவை உள்ளே இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன். நீ மேலே காவலுக்கு நில்லு."

"நீயா? தனியாவா?"

"இன்ஷூரன்ஸ்காரனுக்கு ஒரு கையெழுத்து வேணும். அதுக்கு எதுக்குக் கூட்டம்?"

"ரெண்டு வெல்டரைக் கூப்பிடலாமேண்ணா. ஒத்தையா யாரும் இறங்கக் கூடாதுன்னு போர்டு எழுதி வச்சதே நீதான்."

"எல்லாருக்கும் லீவு குடுத்துட்டேன். காத்து இப்படி அடிக்குது." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "பதினாலு பர்சென்ட் கேஸ் தீந்துபோச்சு பாப்பா. இந்த வாரம் தொட்டி ரொம்பலைன்னா பேங்க் நம்ம கதவைப் பூட்டிட்டுப் போயிடும். உன்னைவிட்டா நான் யாரை நம்புவேன்?"

உப்பை இறக்கவைத்த ஒழுகல், அடிக்குழாய் தொட்டியோடு சேரும் இடத்து வெல்டில். வெளியே இருந்தே நேற்று அடைத்துவிட்டார்கள். இனி வேலை பழைய வேலைதான்: காலித் தொட்டிக்குள் பர்னரின் சூடான காற்றை நாள்கணக்கில் ஊதி, எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, அப்புறம் உப்பை விட வேண்டும். ஆறிய எஃகில் உருகிய உப்பு பட்டால் உறைந்துவிடும், எஃகும் வெடிக்கும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் கேட்க நினைத்தது வேறு. லீவு கொடுத்தவன் நேற்று சாயங்காலமே கொடுத்திருந்தான். நேற்று காற்றே இல்லை.

கேட்கவில்லை. ஏறினாள்.

கூரையில் காற்று ஆளைத் தள்ளியது. நடுவே மேன்ஹோல் திறந்து கிடந்தது. ஓர் ஆள் நுழையும் வட்டம். அதன் மூடி ஓர் இரும்புக் கையில் தொங்கியது, ஒருவரே தள்ளி மூடிவிடலாம். பக்கத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு போன் பெட்டி, அதற்குக் கீழே ஒரு கொக்கி. இறங்குகிறவர் தன்னுடைய பித்தளை வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குவார், ஏறிவந்து தானே கழற்றுவார். அடுத்தவர் வில்லையைத் தொடுவது இங்கே கொலைக்குச் சமம். மூடும் முன் காவல்காரர் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு 'கொக்கி காலி' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அங்கே பர்னர் பட்டனை அமுக்குவார்கள். செல்போனோ வாக்கிடாக்கியோ கூரைக்கு வரக் கூடாது, கீழே பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

நாலு வருடம் முன்பு பட்டனுக்கு முன்னால் இருந்தவள் அவள்தான். அண்ணன் பேங்க்காரர்களோடு கண்ட்ரோல் ரூமுக்குள் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "கொக்கி காலி," என்றான். போனில் சொல்லவில்லை, நேரிலேயே சொன்னான். அவள் அமுக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? தலையை உதறினாள்.

அண்ணன் வில்லையை மாட்டினான். நூலேணியில் காலை வைத்தான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. வட்டத்துக்குள் முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு தலை என்று மறைந்தான். ஏணிக் கயிறு கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது, பிறகு தளர்ந்தது. தரையைத் தொட்டுவிட்டான்.

வட்டத்திலிருந்து ஒரு நெடி வந்தது. சுட்ட சுண்ணாம்பும் பழைய நாணயமும் கலந்த நெடி, அதற்கு அடியில் வேறொன்று. சட்டைக் காலர் இஸ்திரியில் கருகுமே, அது.

அவள் குழாயில் இரண்டு தட்டினாள்.

டக், டக், டக்.

நிம்மதி வந்தது. ஒரு நொடிதான்.

"பாப்பா." கீழிருந்து மெல்லிய குரல். "தட்டினது நீயா?"

"ரெண்டு நான். மூணு நீதானே?"

டார்ச் வெளிச்சம் கீழே ஒரே இடத்தில் நின்றது. பிறகு அண்ணனின் குரல், அவள் இதுவரை கேட்டிராத குரல்.

"நான் இன்னும் தட்டவே இல்லை."

வெளிச்சம் சட்டென்று நகர்ந்தது. சுவரோரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எதையோ சுரண்டும் சத்தம். எஃகில் எஃகு உரசும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் எதையோ பிடுங்குகிற மூச்சு. ஏணி விறைத்தது. இறங்கியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஏறிவந்தான், வட்டத்தின் விளிம்பில் வயிற்றை வைத்துத் தவழ்ந்து வெளியே விழுந்தான், வாந்தியெடுத்தான்.

"எல்லாம் சுத்தமா இருக்கு," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "மூடிடலாம்."

அவனுடைய பேண்ட் பாக்கெட் ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது.

"பாக்கெட்ல என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை. பழைய போல்ட்." வில்லையைக் கழற்றினான். கீழே போட்டு எடுத்தான். "ஸ்பேனர் ஜீப்ல இருக்கு. எடுத்துட்டு வரேன். நீ எதையும் தொடாதே. கேட்டியா? உள்ளே பாக்காதே."

படிகளில் அவன் இறங்கும் சத்தம் காற்றில் கரைந்தது. அவள் மேன்ஹோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அவள் தட்டவில்லை. கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

டக் டக் டக். டக் டக் டக். டக் டக் டக்.

வேகமாக. அண்ணன் போய்விட்டது தெரிந்த மாதிரி. அவள் ஒருத்திதான் மேலே நிற்கிறாள் என்று தெரிந்த மாதிரி.

ஓடிப்போயிருக்கலாம். கீழே இறங்கிக் கண்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டரிடம் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. தன் வில்லையைக் கொக்கியில் மாட்டினாள். டார்ச்சைக் கழுத்தில் தொங்கவிட்டாள். ஏணியில் காலை வைத்தாள்.

இறங்க இறங்கக் காற்றின் இரைச்சல் மேலே நின்றுவிட்டது. தன்னுடைய மூச்சே நாலு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தரையில் கால் வைத்ததும் அது நொறுங்கியது. தட்டும் சத்தம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஒரு தட்டளவு வெளிச்சம்.

சுவரை நோக்கி நடந்தாள். பதினெட்டுத் தப்படி. டார்ச்சை உயர்த்தினாள்.

எஃகில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. அம்மைத் தழும்பு போல. விரலால் உப்பைத் துடைத்தாள். தழும்பில்லை. எண். நகத்தால் தடவினாள். ஒன்று. ஏழு.

பதினேழு. பதினேழு. பதினேழு.

மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. மார்பளவு உயரத்தில் சுவரோடு சுவராகப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் நேராக, ஆழமாக. பிறகு கோணலாக. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக, அவசர அவசரமாக, சில இடத்தில் முத்திரை சறுக்கி எஃகைக் கீறியிருந்தது. அவள் அதோடு நடந்தாள். வாசல் தேடிச் சுற்றியவர் எங்கெங்கே நின்றாரோ அங்கெல்லாம் நின்றாள். ஒரு சுற்று முடிந்தது. அங்கே சுவரடி உப்பில், கட்டைவிரல் அளவில் எதையோ இப்போதுதான் பிடுங்கிய குழி.

'அவர் எங்கேயும் போகலை.' இதை அவள் வாய்விட்டுச் சொன்னாளா என்று தெரியவில்லை. நாலு வருடம் சபித்தாளே. எவளோடோ சிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்து நினைத்துத் தலையணையைக் குத்தினாளே. இந்த எஃகுக்குள் நின்று அந்த மனுஷன் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அவளோ வெளியே நின்று, என்ன சத்தம் அது என்று அண்ணனைக் கேட்டிருக்கிறாள். பட்டனை அமுக்கிய விரலை வாயில் வைத்துக் கடித்தாள்.

டார்ச் கொஞ்சம் மேலே போனது. தானாகத்தான் போனது.

மார்பளவுக்கு மேலே இன்னொரு வரிசை.

அது ஒரு மனிதன் கையை நீட்டினாலும் எட்டாத உயரம்.

அதற்கு மேலே இன்னொன்று. அதற்கு மேலே. உப்பு எந்த அளவில் நின்றதோ அந்தந்த அளவில், கோடு போட்ட மாதிரி, வளையம் வளையமாக. மூன்று மூன்றாக. உருகிய உப்பின் மட்டத்தோடு ஏறி, இறங்கி, ஏறி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. கூரை வரை. மேலே போகப் போகப் புதுசு. மேன்ஹோலைச் சுற்றி உள்பக்கத்தில் இடமே இல்லை, அங்கே பதிந்தவை இப்போதுதான் வெட்டிய மாதிரி மினுமினுத்தன.

ஒருநாள் இல்லை. நாலு வருடம்.

"பாப்பா."

வட்டத்தில் அண்ணனின் தலை. அவன் கத்தவில்லை. மெதுவாகப் பேசினான், அதனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இறங்கி வந்தது.

"பாக்காதேன்னு சொன்னேனே."

"இவர் எங்கேயும் போகலை."

"அந்த அடிக்குழாய் வெல்டுக்கு முத்திரை குத்த மாட்டேன்னுட்டான். அறுத்துப் புதுசா வைக்கணும், மூணு வாரம் ஆகும்னான். ஒப்பந்தத் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்துச்சு. தேதி தவறினா யூனிட் விலையில மூணுல ஒரு பங்கு போயிடும், இருபத்தஞ்சு வருஷத்துக்கும். அரை மணி மூடி வச்சா பயந்து குத்திடுவான்னு நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சேன். அதுக்குள்ள பேங்க்காரங்க வந்துட்டாங்க. உன் பக்கத்துல வந்து நின்னாங்க."

"நீயும் நின்னே."

"நானும் நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையை எடுத்திருப்பேனே. உன் தங்கச்சி கையாலதான் அமுக்கணுமா? வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

அவள் சுவரை விட்டு ஏணிப் பக்கமாக நடந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் கேட்டேனே அண்ணா. என்ன சத்தம்னு உன்னைத்தானே கேட்டேன். அப்போ உயிரோட இருந்தாரா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இருந்தான்னுதான் நினைக்கிறேன்."

சோறு ஊட்டி வளர்த்தவன். அப்பா போன பிறகு அப்பாவாக இருந்தவன். மாதம் பிறந்தால் மளிகைப் பையோடு வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரைத் திட்டியவன். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு," என்றான் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "உன் வாயால சொல்லு பாப்பா. நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன். ஏறி வா. முந்நூறு குடும்பம் இதை நம்பிக் கிடக்குது. ஒரு வார்த்தை சொல்லு."

சொல்லிவிடு என்றது உயிர். ஏணி நாலு தப்படியில் தொங்கியது.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், வார்த்தை முடிந்த பிறகும்.

"சின்ன வயசுல இருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது," என்றான்.

ஏணி நகர்ந்தது. அவள் பாய்ந்தாள். கடைசிக் குச்சி விரல் நுனியில் பட்டு மேலே போனது. ஒவ்வொரு குச்சியாக, அவசரமில்லாமல், கிணற்றில் நீர் இறைக்கிறவன் மாதிரி இழுத்துக்கொண்டான். அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகை உள்ளே நன்றாகக் கேட்டது.

"அண்ணா!"

கத்தியது குழைந்தது. சுவரெல்லாம் அண்ணா, அண்ணா, அண்ணா.

"புருஷனைத் தேடிப் போயிட்டாள்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க," என்றான். அவளிடம் இல்லை, தனக்குத்தானே. கொக்கியிலிருந்து பித்தளை கழன்ற சத்தம். போன் பெட்டியின் கதவு கிறீச்சிட்ட சத்தம்.

டார்ச் அணைந்தது. அவள் அணைக்கவில்லை.

இருட்டு. மேலே தட்டளவு வெளிச்சம், அதில் குனிந்த ஒரு தலை, காதோடு சேர்த்த ஒரு கை. அவன் பேசப் போகிறான். என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லையும் இவன் வாயிலிருந்து இன்னொரு தடவை கேட்க அவளால் முடியாது. முடியாது. கண்ணை இறுக மூடினாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன.

மெதுவாக வந்து அவளுடைய இரண்டு காதுகளையும் பொத்தின. குழந்தை இடிக்குப் பயந்தால் பொத்துவார்களே, அப்படி. உள்ளங்கை காய்ந்து சொரசொரவென்று இருந்தது. சூடாக இருந்தது, தொட்டி ஆறி இருபத்தொரு நாளான பிறகும் தாங்க முடியாத சூடு. விரல் இருக்க வேண்டிய இடங்களில் சில விரல்கள் இல்லை. அவள் கழுத்தில் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். வட்டத்தில் அண்ணன் போனை வைத்துவிட்டு மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பிறையாகி, நூலாகி, போனது. அவன் பேசியதும், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கியதும், அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.